தேசப்படமும் ஜனத்தொகையும்

நம் பள்ளிக்கூடச் சுவர்களில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிவரும் உலகப் படம், பெரும்பாலும், 1569-ஆம் ஆண்டில் மெர்கேட்டர் என்னும் பூகோள நிபுணர் கப்பலோட்டிகளின் உபயோகத்துக்கென வகுத்த முறையில் அமைந்ததாகும். திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பற்றிக்கொண்டு சமுத்திரத்தைக் கடக்கும் மாலுமிக்குத் தன் பாதை படத்தில் நேர்கோடாகவே விழவேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கம் குறைவற நிறைவேறியது. ஆனால் அதன் பொருட்டு நிலங்களின் விஸ்தீரணம் பலியிடப்பட்டது. பூமத்திய ரேகையில் உள்ள நிலத்தை அளவாகக் கொண்டால், ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை வடக்கே உள்ள நம் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரம் நூற்றுக்கு மூன்று பங்கே பெருத்துத் தோன்ற, அறுபதாம் பாகையில் உள்ள நிலம் நான்கு மடங்காகவும், கிரீன்லாந்தின் நடுப்பகுதி பத்து மடங்குக்கு மேலாகவும் விரிந்துவிடுகிறது. உண்மையில் கிரீன்லாந்தைப்போல் ஒன்றரை மடங்கு பெரிய இந்தியா, அப்படத்தில் அதன் முன்னே சிறுத்து நிற்கிறது.

இந்தப் பிரமையைப் போக்க எழுந்ததே, ஒரு தேசத்தின் வடிவத்தை அதன் மெய்யளவிலேயே பெயர்த்து மற்றொரு தேசத்தின்மேல் வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டு முறை. எண்ணிக்கைகளைப் பத்து முறை படித்தும் மனத்தில் பதியாத உண்மையை அது ஒரே பார்வையில் பதித்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை. பரப்பைச் சரியாகக் காட்டவேண்டும் என்னும் கவலை புதியதன்று. 1855-இல் கால் என்பவரும், 1973-இல் பீட்டர்ஸ் என்பவரும் அத்தகைய படத்தை முன்வைத்தனர். ஆயினும் அதில் ஆப்பிரிக்காவும் நம் தேசமும் நெடுக இழுக்கப்பட்டு உருக்குலைந்தன. மெர்கேட்டர் படத்தைக் கைவிட வேண்டும் என்னும் இயக்கத்துக்கு 2025-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரவளித்தது. அந்த ஆதரவு நியாயமானது என்றே கருதுகிறேன். தன் நிலம் சிறியது என்று குழந்தைப் பருவத்திலேயே கண்ணால் கற்றுக்கொண்ட ஒரு ஜனசமூகம், பின்னர் எத்தனை புத்தகம் படித்தாலும் அந்த அபிப்பிராயத்தை எளிதில் உதறிவிடுவதில்லை.

ஆனால் விஸ்தீரணம் சரியாகிவிட்டதாலேயே தேசம் சரியாக விளங்கிவிடுமா என்பதே நாம் ஆராய வேண்டியது. தமிழ்நாட்டை எடுத்துக் கிரீஸ் தேசத்தின்மேல் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன: ஒன்று 1,30,058 சதுர கிலோமீட்டர், மற்றது 1,31,957. கண் இவ்விரண்டையும் சமம் என்று தீர்ப்பளித்துவிடுகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி முன்னதில் 7.21 கோடிப் பேரும், பின்னதில் 1.08 கோடிப் பேரும் வாழ்ந்தனர் என்பதையோ, ஏரியும் கண்மாயும் வெட்டி நீரைத் தேக்கி நெல் விளைவித்த சமவெளிகளும், கல்லும் மலையுமாய்த் தன் மக்களைக் கடல் கடந்து பிழைக்க அனுப்பிய நிலமும் ஒன்றல்ல என்பதையோ அந்தப் படம் கூறுவதில்லை. ஒரு மயக்கத்தைத் தீர்த்த படம் இன்னொரு மயக்கத்தை விதைத்துவிடுகிறது.

ஜனத்தொகையையும் சேர்த்து ஒப்பிட்டால் நம் வட்டாரமே சிறந்த அளவுகோலாகிறது. 2011-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். உலகப் படத்தின் உச்சியை அடைத்துக்கொண்டிருக்கும் கிரீன்லாந்து முழுவதிலும் அன்று இருந்தவர்கள் ஐம்பத்தேழாயிரம் பேருக்கு உட்பட்டவர்களே. ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதிகளைச் சுற்றி வந்த எவருக்கும் இந்த ஒப்பீட்டின் பொருள் உடனே விளங்கும். இராஜபாளையத்தில் அப்போது சுமார் 1,30,000 பேர். இவ்விரண்டு ஊர்களையும் உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டத்தின் 4,241 சதுர கிலோமீட்டரில் 19.42 லட்சம் பேர் வாழ, அதைப்போல் ஏறத்தாழ 195 மடங்கு பரந்த நமீபியாவில் அதே ஆண்டில் 21 லட்சம் பேரே கணக்கிடப்பட்டனர்.

இங்கும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 458 பேர் என்னும் மாவட்டச் சராசரியை ஒரே வர்ணமாகப் பூசிவிட்டால், நூற்பாலைகளும் தறிகளும் நெருங்கிய இராஜபாளையத் தெருவுக்கும், அவ்வூருக்கு நீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு மேலே ஆள் அரவமற்ற மலைச்சரிவுக்கும் வேற்றுமை இல்லாமல் போகிறது. சாம்பல் நிற அணில் வாழும் அக்காடுகள், 2021-இல் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயின. மனிதர் மிக அரிதாகவே குடியிருக்கும் அந்த நிலத்தின் மழையே கீழுள்ள நெருக்கத்தைத் தாங்கி நிற்கிறது. அதனை வெற்றிடம் என்று எண்ணுவது பெருந்தவறு.

எல்லைகள் மாறுவதும் ஒப்பீட்டைக் குலைக்கும். இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை முதன்மை அமைச்சராக ஆண்ட சென்னை ராஜ்யத்தில், ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் தென் கன்னடமும் சேர, 1951-இல் 5.70 கோடி மக்கள் இருந்தனர். இதை 2011-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டோடு ஒப்பிடுபவர் ஜனத்தொகை கால் பங்கே பெருகியது என்பார். இன்றைய எல்லைக்குள் அன்று வாழ்ந்தவர்கள் 3.01 கோடியே, ஆகவே மெய்யான பெருக்கம் இரண்டு மடங்குக்கும் அதிகம். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 1910-இல் இராமநாதபுரத்தோடும், 1985-இல் விருதுநகரோடும் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தின் பழங்கணக்கைத் தேடுவோர்க்கும் இதே இடர் நேரும்.

மெய்யளவுப் படத்தின்மேல் ஜனங்களைப் புள்ளிகளாக இடும் முறையையே நான் விரும்புகிறேன். ஆயிரம் பேருக்கு ஒன்று என்று வைத்தால் இராஜபாளையத்துக்கு நூற்றுமுப்பதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுபத்தைந்தும் விழும். கிரீன்லாந்தின் ஐம்பத்தாறும் பனி மூடாத கரையோரமாக ஒதுங்கும். ஆனால் அதே கணக்கில் அம்மலையடிவாரச் செண்பகத்தோப்பில் உள்ள பளியர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு ஒரு புள்ளியும் கிட்டாது. மாவட்டப் படத்திலேனும் நூறு பேருக்கு ஒரு புள்ளி என்று குறைத்து, அதற்கும் எட்டாத குடியிருப்புகளைத் தனிக் குறியிட்டுக் காட்ட வேண்டும்.