இரண்டு சுருள்வில்கள்

கிணற்றை நம்பியிருக்கும் அமெரிக்க நாட்டுப்புற வீடுகளில் மேல்நிலைத் தொட்டி அபூர்வம். பம்ப் இழுக்கும் தண்ணீர் அழுத்தத் தொட்டிக்குப் போகிறது. அங்கே அடைபட்ட காற்றுதான் அதைக் குழாய்க்குத் தள்ளுகிறது. பம்ப் எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது உள்ளங்கையளவு பிரஷர் சுவிட்ச். அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள், எவ்வளவு அழகு! பெரிய சுருள்வில்லின் நட்டை வலப்பக்கம் திருகினால் பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தம், நிற்கும் அழுத்தம் இரண்டும் சேர்ந்தே ஏறும். சின்ன வில் நிற்கும் அழுத்தத்தை மட்டும் மாற்றும்.

30 பி.எஸ்.ஐ.யில் ஓடி 50-இல் நிற்க வைத்தால், தண்ணீரை வடித்த தொட்டியில் காற்று 28 இருக்க வேண்டும். பலரும் இதைத்தான் மறக்கிறார்கள். பிறகு பம்ப் ஓடுவதும் நிற்பதுமாகவே தேயும். ஆசைப்பட்டு 60-க்கு ஏற்றினால், சிறிய பம்ப் அதை எட்ட முடியாமல் ஓடிக்கொண்டே சூடேறும். அழுத்தத்தை மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்தி, நட்டை அரைச் சுற்று திருக வேண்டும். மறுபடி ஓடவிட்டு, குழாயைத் திறந்து, மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். அவசரமே கூடாது.