பழைய கம்பியின் நாதம்

பேஸ் கிடார் வாசிக்கும் ஒருவரிடம் டோனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். முதல் வகை ஆள் பட்டியல் போடுவார்: இந்தக் கம்பி, இந்த கேஜ், இந்த ஆம்ப், இத்தனை வாட்ஸ். இரண்டாம் வகை ஆள் சிரித்துக்கொண்டே, "எல்லாம் விரல்லதான் இருக்கு தம்பி" என்பார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூன்று ஆம்ப் இருக்கும். நான் இரண்டு கட்சியிலும் சில வருடங்கள் இருந்தவன். முதல் கட்சிக்குக் காசும் இரண்டாவதற்கு விரல் நுனியும் செலவாயின. இப்போது தோன்றுவது இதுதான்: இரண்டு பதிலுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன. பக்கத்தில் யார் வாசிக்கிறார்கள்?

இதைப் பேச ஜேம்ஸ் ஜேமர்சனிடம் போகாமல் முடியாது. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்காக அறுபதுகள் முழுக்க வாசித்தவர். அந்த நிறுவனத்தின் ஸ்டூடியோ ஒரு சாதாரண வீட்டை ஒட்டிய சின்ன அறை. அங்கே வாசித்தவர்கள் அதைப் பாம்புக்குழி என்றே அழைத்தார்கள். ஜேமர்சனிடம் இருந்தது 1962ஆம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா கம்பெனியின் ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். அடிக்கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 110 பங்கு, மேல்கம்பி 52. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் செட் 105, 45. ஆக அவருடையது கயிறு மாதிரி. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் கம்பியை அமுக்கும் ஒரு நுரைத்துண்டு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆம்ப் கிடையாது, கிடாரிலிருந்து வயர் நேராக மிக்ஸிங் கன்சோலுக்குப் போகும். கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார் என்பது பிரசித்தம்.

ஸ்டீவி வொண்டரின் 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' 1968இல் வந்தது. அதன் பேஸை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த ஒலித்தடம் இணையத்தில் உலவுகிறது. முதல் தடவை ஹெட்ஃபோனில் கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது. தொப் தொப்பென்று ஒரு சத்தம். மினுக்கம் இல்லை, கார்வை இல்லை. கடையில் ஒரு கிடார் இப்படிச் சத்தம் போட்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். பிறகு முழுப்பாட்டைப் போட்டேன். அதே தொப் தொப் இப்போது நடக்கிறது, ஏறுகிறது, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் குறுக்கே ஓடி அடுத்த வரிக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது. இத்தனை சுரங்களை இவ்வளவு நெருக்கி வாசித்தும் யார் காலிலும் மிதிபடவில்லை. புதுக்கம்பியில், நீண்ட கார்வையோடு, அதே வரிசையை வாசித்துப் பாருங்கள். மூன்றாவது பாரிலேயே குழம்பாகிவிடும். கார்வை குறைவாக இருந்ததால்தான் அவரால் அவ்வளவு பேச முடிந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை, கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. பேஸ் கம்பி என்பது ஒரு மையக் கம்பியின் மேல் சுற்றப்பட்ட இன்னொரு கம்பி. சுற்றியது உருண்டைக் கம்பியானால் ரவுண்ட்வவுண்ட், தட்டையான பட்டையானால் ஃப்ளாட்வவுண்ட். முன்னதில் மேற்சுரங்கள் நிறைய, அதனால் பளிச்சென்று இருக்கும். ஆனால் சுற்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் வியர்வையும் தோலும் சேரச் சேர அந்தப் பளபளப்பு மங்கும். அதை மீட்க கம்பியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். அடுப்படியில் பார்த்த அம்மா, "நூடுல்ஸாடா?" என்று கேட்டார். ஒரு வாரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் பழைய கதை.

ஜேமர்சனின் இடத்தில் அந்தப் பளபளப்புக்கு வேலையே இல்லை. அங்கே மேலே ஏற்கெனவே கூட்டம்: டாம்பரின், ஸ்னேர், இரண்டு மூன்று கிடார், பியானோ, வயலின்கள், பாடகர்கள். காலியாக இருந்தது கீழே. அதிலும் ஒரு சிக்கல். பேஸின் அடிக்கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. மோடவுன் தன் பாடல்களைக் கார் ரேடியோ மாதிரியான சின்ன ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்து மிக்ஸ் செய்த நிறுவனம். அந்த ஸ்பீக்கரால் 41ஐத் தொடவே முடியாது. அதன் மடங்குகளான 82, 123, 165 போன்றவை காதுக்கு வந்தால் இல்லாத 41ஐ மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும். தடித்த பழைய கம்பியில் இந்த முதல் சில மேற்சுரங்கள் திடமாக நிற்கும், அதற்கு மேலே உள்ளவை உதிர்ந்துவிடும். தேவை எதுவோ அது இருந்தது, மற்றவர்களுக்கு உரியது இல்லை.

இதே தர்க்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். தி ஹூ இசைக்குழுவில் ஒரு கிடார், ஒரு டிரம்ஸ், ஒரு பாடகர். நடுவில் பெரிய வெற்றிடம். பேஸ் வாசித்த ஜான் என்ட்விசில் அதை நிரப்ப வேண்டியிருந்தது. 'மை ஜெனரேஷன்' (1965) பதிவின்போது டேனெலக்ட்ரோ பேஸில் கம்பி அறுந்தது. அந்தக் கம்பி தனியாகக் கடையில் கிடைக்காததால் இன்னொரு டேனெலக்ட்ரோவையே வாங்கினார், அதிலும் அறுந்தது. கம்பிக்காகக் கிடார் வாங்கிய கதை இது. அடுத்த வருடம் அவரும் ரோட்டோசவுண்ட் கம்பெனியும் சேர்ந்து பேஸுக்கான ரவுண்ட்வவுண்ட் செட்டைச் செம்மைப்படுத்தினார்கள். பியானோவின் கீழ்க்கட்டை போல உறுமும் அந்த ஒலியை 'தி ரியல் மீ'யில் (1973) கேட்கலாம். பேஸ் அங்கே முன்வரிசையில் நின்று சண்டை போடுகிறது. அதே கம்பியை மோடவுன் அறைக்குள் கொண்டுபோனால் டாம்பரினோடு மல்லுக்கு நிற்கும். ஜேமர்சனின் கம்பியை தி ஹூவில் மாட்டினால் மேடையில் பாதி காலியாகத் தெரியும். இரண்டு பேருடைய டோனும் சரி, ஆனால் இடம் மாறினால் இரண்டுமே தப்பு.

ஆம்ப் விஷயமும் இதுதான். 1960இல் வந்த ஆம்பெக் பி-15, ஒற்றைப் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் கொண்ட, சுமார் 25 வாட்ஸ் பெட்டி. ஸ்டூடியோவுக்கும் சின்ன கிளப்புக்கும் போதுமானது. 1969இல் அதே கம்பெனி எஸ்விடியைக் கொண்டுவந்தது: 300 வாட்ஸ், 14 வால்வு, எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட இரண்டு பீரோக்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் அந்த வருட அமெரிக்கப் பயணத்தில் இது மேடையேறியது. அரங்குகள் பெரிதாகிவிட்டன, கிடார்க்காரர்களின் ஆம்ப்புகளும் வளர்ந்துவிட்டன. மனிதக் காது கீழ்ச்சுரங்களுக்கு மந்தம். மற்றவர்கள் அளவுக்குக் கேட்கவே பேஸுக்குப் பல மடங்கு சக்தி வேண்டும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் மூன்று டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் சக்தி ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். ஐம்பதுக்குப் பதில் நூறு வாட்ஸ் வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த நூறு வாட்ஸ் ஆம்ப்பை என் அறையில் வைத்து மூன்று மாதம் குமிழ்களைத் திருப்பினேன். புது ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட். ஒவ்வொரு அமைப்பையும் ஒரு ஷீட்டில் குறித்து வைத்தேன், ஆபீஸில் சர்வர் லாக் பார்க்கிற அதே புத்தி. எஃப் சுரம் மட்டும் சுவரே அதிர்கிற மாதிரி வீங்கியது. ஆம்ப்பில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அறையின் நீளம் 13 அடி. அந்த நீளத்துக்குள் எதிரொலித்துத் தேங்கி நிற்கும் அலை நொடிக்குச் சுமார் 43 அதிர்வு. பேஸின் கீழ் எஃப் ஏறத்தாழ 44. நான் மூன்று மாதமாகத் திருத்திக்கொண்டிருந்தது என் வீட்டுச் சுவரை.

ஒருவழியாக அறைக்குள் அற்புதமான டோன் ஒன்று அமைந்தது. நண்பர்களோடு மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த ஒத்திகை அறையில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசித்த அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார். எங்களைவிட இருபது வயது மூத்தவர், கல்யாணக் கச்சேரிகளில் காய்ந்தவர்.

"தம்பி, உன் கம்பிச் சத்தம் கேக்குது. நீ வாசிக்கிறது கேக்கல."

"ட்ரெபிள் ஏத்தவாண்ணே?"

"ஏற்கெனவே அங்கதானடா எல்லாரும் நிக்கிறோம். கீழ வா."

கோபம் வந்தது. மூன்று மாத உழைப்பு. ஆனால் போனில் பதிவு செய்ததைக் கேட்டபோது அவர் சொன்னது சரிதான். என் கம்பியின் கிணுகிணுப்பு ஹை-ஹாட்டோடு கலந்து கரைந்திருந்தது. என் கீழ்ப்பகுதியைக் கீபோர்டின் இடது கை எடுத்துக்கொண்டிருந்தது. தனியாக அழகாக இருந்த எல்லாம் கூட்டத்தில் செல்லாக்காசு.

நம்மூரில் இதை அறிந்தவர்கள் மிருதங்கக்காரர்கள். கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி தட்டுவார்கள். பாடகரின் சுருதி கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது நடக்கும். வீட்டிலேயே ரவையை அப்பி முடித்துவிட்டு யாரும் வருவதில்லை.

இங்கேயே கட்டுரையை முடித்தால் ஒரு நல்ல நீதிக்கதையாகியிருக்கும்: அடக்கமாக இரு, மற்றவர்களுக்கு இடம் கொடு. ஆனால் ஜேமர்சனின் கதை அப்படி முடியவில்லை. மோடவுன் தன் தட்டுகளில் வாத்தியக்காரர்களின் பெயரைப் பல வருடங்கள் போடவில்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) உறையில்தான் அவர்கள் பெயரோடு வந்தார்கள். மறு வருடமே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியது. ஜேமர்சனும் பின்னால் போனார். அங்கே காலம் வேறு. பளிச்சென்ற பேஸ் வேண்டும், புதுக்கம்பி மாட்டு என்றார்கள். அவர் இணங்கவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். குடியும் சேர்ந்துகொண்டது. வாய்ப்பு குறைந்தது. 1983 ஆகஸ்டில் இறந்தபோது வயது 47. அதற்குச் சற்று முன் அந்த 1962 பேஸும் திருடுபோயிருந்தது. 2000இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் அவரைச் சேர்த்தார்கள்.

ஒரு கூட்டத்துக்குச் சரியாகப் பொருந்திய டோன் அந்தக் கூட்டம் கலைந்ததும் அநாதையாகிவிடுகிறது. மற்றவர்களுக்கு வழிவிடுகிற ஒலியை வாசித்தவர் பெயரும் அந்த வழியிலேயே காணாமல் போகிறது. நாம் எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸை உருகி உருகிப் பேசுகிற தலைமுறை. அந்தக் கேசட் அட்டைகளை எடுத்துப் பாருங்கள்: இசையமைப்பாளர், பாடகர்கள், கவிஞர்கள் என்று பெயர்கள் இருக்கும். பேஸ் வாசித்தவரைத் தேடிக் களைத்துப் போவீர்கள். என்ட்விசிலை யாரும் தேட வேண்டியதில்லை, அவர் டோனே அவர் பெயரைக் கத்துகிறது. ஆகவே கம்பி தேர்ந்தெடுப்பதை வெறும் ரசனை என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. எவ்வளவு தூரம் கேட்கப்படாமல் இருக்கச் சம்மதம் என்பதும் அதில் சேர்ந்தே முடிவாகிறது. அடக்கம் உயர்ந்தது என்று அடுத்தவருக்குச் சொல்வது சுலபம்.

நான் இப்போது ஃப்ளாட்வவுண்ட் மாட்டியிருக்கிறேன். பிரிட்ஜ் பக்கம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் வெட்டிய ஒரு துண்டு. நூறு வாட்ஸ் ஆம்ப்பை விற்றாயிற்று. போன மாதம் நான்கு பேரும் சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தோம். மிக்ஸில் என் தடத்தை மட்டும் அமுக்கிப் பார்த்தேன், பாட்டு தரையிலிருந்து அரை அடி மேலே மிதந்தது. திரும்ப விட்டதும் இறங்கி உட்கார்ந்தது. எனக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆபீஸில் ஒரு நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டான். கால் தரையில் தாளம் போட்டபடி இருந்தது. முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி, "செமயா இருக்குடா" என்றான். பிறகு கேட்டான்:

"இதுல நீ எங்கடா இருக்க?"