ஒளிப்படம், கதை, எண்ணிப்பார்த்தல்: நலக்கல்வி முறையொன்றின் மொழிச்சிக்கல்கள்

நலக்கல்வியில் ஒளிப்படத்தையும் கதைகூறலையும் இணைத்து, மாணவர் தம் பணியைத் தாமே எண்ணிப்பார்க்கப் பயிற்றும் முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. படம் மொழித்தடையைக் கடக்கும் என்பது இம்முறையைப் போற்றுவோர் கூறும் முதற்காரணம். இக்கூற்று ஓரளவே பொருந்தும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இம்முறையின் முன்னோடி முயற்சி 1992இல் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் தொடங்கியது. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோரின் வழிகாட்டலில் 62 ஊரகப் பெண்கள் தம் உழைப்பையும் உடல்நலச் சூழலையும் தாமே படமெடுத்தனர். பின்னர்க் குழுவாக அமர்ந்து அவற்றைப் பற்றி உரையாடினர். ‘ஒளிப்படக் குரல்’ எனத் தமிழில் சுட்டத்தக்க பெயரை இம்முறை பின்னரே பெற்றது. ஆங்குப் படமெடுத்தவரும் அவ்வாழ்வை வாழ்ந்தவரும் ஒருவரே என்பது கருதத்தக்கது.

மருத்துவ வகுப்பறையிலோ பெரும்பாலும் படமெடுப்பவர் மாணவர். படத்தில் இருப்பவர் நோயாளி. ஆயினும் உரையாடலை நடத்தும் ஐந்து வினாக்கள் மாறுவதில்லை. இங்கே காண்பது என்ன, உண்மையில் நிகழ்வது என்ன, இது நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது, இந்நிலை ஏன் உள்ளது, நாம் செய்யத்தக்கது என்ன என்பனவே அவை. ஆங்கிலத்தில் இவற்றின் திறவுச்சொற்களிலிருந்து எடுத்த எழுத்துகள் சேர்ந்து ‘காட்டியது’ எனப் பொருள்படும் சொல்லாகும். மொழிபெயர்ப்பில் இந்நினைவுக்குறிப்பு அழிவது சிறிய இழப்பே. பெருஞ்சிக்கல் மூன்றாம் வினாவில் உள்ளது.

அவ்வினாவில் வரும் ஆங்கிலத் தன்மைப்பன்மைச் சொல் கேட்போரை உள்ளடக்குமா, விலக்குமா என்பதைக் காட்டுவதில்லை. இந்தியும் இன்றைய கன்னடமும் அத்தகையனவே. தமிழ், தெலுங்கு, மலையாளம், மராத்தி, குசராத்தி ஆகியவற்றில் மொழிபெயர்ப்பாளர் இரண்டிலொன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். புறநோயாளர் பிரிவில் தரையில் அமர்ந்திருக்கும் முதியவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். ‘எங்கள் வாழ்வோடு’ எனின், முதியவர் பேச்சுக்கு வெளியே நிற்கிறார். மாணவர் தம் பணிச்சுமையைப் பற்றி எழுதக்கூடும். ‘நம் வாழ்வோடு’ எனின், அவரும் உரையாடலில் ஒருவராகிறார். ஆனால் அவர் அவ்வறையில் இல்லாதபோது அது பெயரளவிலான உள்ளடக்கம். அவர் வலியை மாணவர் தமதாக்கிக்கொள்ளவும் இடமளிக்கும். ஆங்கில வினா மறைத்துவைத்த அதிகார வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் வெளிப்படுத்துகிறது எனலாம்.

இம்முறை வளர்க்க விழையும் திறனுக்குரிய கலைச்சொல்லும் ஆய்வுக்குரியது. ‘பிரதிபலிப்பு’ என்பது கண்ணாடியின் செயல். அதில் சிந்திப்பவர் இல்லை. ‘மீள்நோக்கு’ அதனினும் நன்று. எனினும், செயலுக்குப் பின் எண்ணுவதையும் செயலின் நடுவே எண்ணுவதையும் டொனால்டு ஷோன் 1983இல் வேறுபடுத்திக் காட்டினார். ‘மீள்’ என்னும் அடை முன்னதையே குறிக்கும். ‘எண்ணிப்பார்த்தல்’ இரண்டிற்கும் பொருந்தும். இதிலுள்ள ‘பார்’ துணைவினையாய் நின்று, காணும் செயலையும் கருதும் செயலையும் ஒரு சொல்லில் இணைக்கிறது. படத்திலிருந்து சிந்தனைக்குச் செல்லும் ஒரு முறைக்கு இதனினும் இயல்பான பெயர் அரிது.

இவை வெறும் சொல்லாய்வு அல்ல. இந்திய இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பாங்கு, அறவியல், தொடர்பாடல் ஆகியவற்றுக்கான பகுதி இடம்பெற்றுள்ளது; மாணவர் தம் அனுபவத்தை எண்ணிப்பார்த்து எழுதுவதும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் எழுதும் மாணவர், நோயாளி தமக்கு நெஞ்சுவலி இல்லை என்று சொன்னதை, மருத்துவக் குறிப்பின் மரபுப்படி, ‘மறுக்கிறார்’ எனப் பொருள்படும் வினையால் பதிவுசெய்யப் பழகியவர். விடை கூறியவர் அங்கே குற்றம் மறுப்பவர்போல் தோன்றுகிறார். இப்பழக்கம் கதை எழுதும்போதும் தொடருமாயின், படம் எத்துணைச் சிறப்பாக இருப்பினும் பயனில்லை.

எனவே மூன்று பரிந்துரைகளை முன்வைக்கலாம். படத்திலிருப்பவரின் இசைவைப் பெற்று, அவர் அப்படத்தைப் பற்றிக் கூறும் சொற்களை அவர் மொழியிலேயே முதலில் பதிவுசெய்தல் வேண்டும். மூன்றாம் வினாவை, முதலில் ‘எங்கள்’ எனவும் பின்னர் ‘நம்’ எனவும் இருமுறை கேட்டல் வேண்டும். இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே மாணவர் எழுதவேண்டிய பொருளாக்குதல் வேண்டும். எண்ணிப்பார்த்தல் தொடங்கும் இடம் அவ்வேறுபாடே.