நாலடியாரை ரசிக்க நாலு வழி

‘நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி’ என்று பழமொழி சேர்த்தே சொன்னாலும், குறளைப் படிக்கிற வேகத்தில் நாலடியாரைப் படித்தால் ருசி பிடிபடாது. குறள் தீர்ப்பைச் சொல்லிவிடும். நாலடியார் சாட்சியைக் கூண்டில் ஏற்றும்.

மதுரையில் தங்கிய சமண முனிவர்கள் ஆளுக்கொரு பாட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்ப, கோபத்தில் பாண்டியன் ஏடுகளை வைகையில் எறிந்தான். 400 மட்டும் நீரை எதிர்த்து வந்தன என்பது கதை. அவற்றை 40 அதிகாரங்களாக வகுத்தவர் பதுமனார். 1893-ல் ஜி.யு. போப் அவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

முதல் வழி: வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலான பாடல்களில் இரண்டாம் அடியின் முடிவில் ஒரு தனிச்சொல் நிற்கும். அங்கே மூச்சு விடுங்கள். கடைசி அடி மூன்றே சீர், சட்டென்று முடியும். அந்த வேகத்துக்காகத்தான் முந்தைய மூன்று அடிகளும்.

இரண்டாவது: நீதியை விட்டுவிட்டு, காட்டுகிற பொருளைப் பாருங்கள். ‘நட்பாராய்தல்’ அதிகாரத்தில் ஒரு பாட்டு நண்பர்களைக் கமுகு, தென்னை, பனை என்று பிரிக்கிறது. கமுகுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். தென்னைக்கு விட்டு விட்டு ஊற்றினால் போதும். பனைக்கு விதை போட்ட அன்று செய்ததோடு சரி. சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பையும் கண்மாய்க்கரைப் பனைகளையும் பார்த்தவர்களுக்கு உரையே தேவையில்லை.

மூன்றாவது: உறுத்துகிற இடத்தில் நில்லுங்கள். அதே அதிகாரத்தில் இன்னொரு பாட்டு, யானை போன்றவர்களை விட்டு நாய் போன்றவர்களோடு பழகச் சொல்கிறது. யானையைக் கும்பிட்டு, நாயை வசவாக்கிய ஊரில் இது துணிச்சலான பேச்சு. பல நாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடுமாம். எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே நாய் வாலாட்டுமாம். நாயின் விசுவாசத்தை மெச்சிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வேலை எறிந்தது யார்? எஜமான்தான். பாட்டு அவனைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாம்தான் யோசிக்க வேண்டும்.

நாலாவது: அதிகாரங்களை வரிசையாகப் படியுங்கள். ‘நட்பாராய்தல்’ முடிந்ததும் ‘நட்பிற் பிழை பொறுத்தல்’. அதற்குப் பிறகே ‘கூடா நட்பு’. ஆளைப் பார்த்துப் பழகு, தப்பு செய்தால் பொறுத்துப் பார், அதற்கும் சரிவராவிட்டால் விலகு. பதுமனாரின் இந்த வரிசையே தனியாக ஒரு பாட்டு எழுதாமல் சொன்ன புத்திமதி. முதல் சண்டையிலேயே நம்பரை பிளாக் செய்கிற நமக்கு, நடுவில் இருக்கிற அந்தப் பத்துப் பாட்டுதான் அவசரமாகத் தேவை.