கணக்குக் காட்டும் அச்சம்: அடுத்து வாசிக்க ஒரு பேய்க்கதை

உத்திரமேரூரில் மாதம் ஒருமுறை இஷாத் தொழுகைக்குப் பின் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் கூடி, ஒரே நூலை வாசித்துப் பேசுவது எங்கள் வழக்கம். சென்ற மாதம் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை வாசித்தோம். 1943இல் வெளிவந்த அச்சிறுகதை, உறக்கம் வராத ஓர் எழுத்தாளனின் இரவுகளைச் சொல்கிறது. வீட்டுக்குள் பிணவாடையும் நறுமணமும் மாறி மாறி வீசுகின்றன. இரக்கத்தால் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிச்சைக்காரி உண்மையில் யார் என்பது இறுதிவரை தெளிவாவதில்லை. பேசி முடித்ததும், இவ்வகையில் இன்னொன்று வாசிக்க வேண்டும் என்று அனைவரும் விரும்பினர்.

ஒரு மாத நாவல், பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீல வெளிச்சம்’ என நான்கு பெயர்கள் முன்வைக்கப்பட்டன. சீட்டுக் குலுக்கி எடுத்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். குடவோலை கண்ட ஊர்க்காரர் வேறென்ன சொல்வார்! ஆனால் இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) ஊன்றி நோக்கினால், ஓலை எடுப்பது அம்முறையின் இறுதிக் கட்டமே என்பது விளங்கும். அதற்குமுன் தகுதிகள் வரையறுக்கப்படுகின்றன. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது என்பன அவற்றுள் சில. வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவர்தம் உறவினர் பெயரும் குடத்துக்குள் விழவே முடியாது.

நூலைத் தேர்வதிலும் இவ்வொழுங்கு நமக்குப் பயன்படும். ஒரு பேய்க்கதை எவ்வளவு அஞ்ச வைக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எழுப்பிய அச்சத்துக்கு அது கணக்குக் காட்டுகிறதா என்பதே முதற்கேள்வி. யார் இறந்தார், யார் காரணம், அந்த அச்சத்தால் ஆதாயம் பெறுபவர் யார் என்ற வினாக்களுக்கு அது முகங்கொடுக்க வேண்டும்.

நமக்கு இது வெறும் இலக்கிய ரசனை சார்ந்த கேள்வியன்று. ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆயினும் திருக்குர்ஆன் அவற்றை அஞ்சி வழிபடத்தக்கவையாகக் காட்டவில்லை. நல்லவையும் தீயவையும் உள்ள, விசாரணைக்குரிய படைப்பாகவே காட்டுகிறது. மனிதரில் சிலர் ஜின்களிடம் பாதுகாவல் தேடியதால் அவர்தம் கேடே பெருகிற்று என்றும் எடுத்துரைக்கிறது. இறுதி அத்தியாயமோ தீய ஊசலாட்டம் விளைவிப்போர் பட்டியலில் ஜின்களுடன் மனிதரையும் சேர்க்கிறது. நம் கிராமத்துப் பேய்க்கதைகள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த இரண்டாம் தரப்பைத்தான்.

அந்த மறதிக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். நோயைக் ‘காற்று கருப்பு’ என்று பெயரிட்டு அழைக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்த சமூகம், சங்கிலியைச் சிகிச்சை என்று நம்பியதில் வியப்பில்லை. ஆகவே எந்தப் பேய்க்கதையைச் சுவைக்கிறோம் என்பதில் நமக்குப் பொறுப்பு உண்டு.

இனி நான்கு நூல்களையும் நோக்குவோம். மாத நாவல்களின் பேய்க்கதைகளில் வஞ்சிக்கப்பட்ட பெண் ஆவியாகிப் பழிதீர்ப்பாள். மந்திரவாதி அவளை ஆணியில் அறைந்து மரத்தில் கட்டுவார். அநீதியைச் சொல்லத் தொடங்கும் கதை, அநீதிக்குள்ளானவளையே அடைத்துவிட்டு முடிகிறது. கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது.

1897இல் வெளிவந்த ‘டிராகுலா’ ஆற்றல்மிக்க நாவல் என்பதில் ஐயமில்லை. அது பலருடைய நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. ஆனால் கிழக்கிலிருந்து கப்பலேறி இலண்டனுக்கு வரும் பிரபுவுக்கு மட்டும் அதில் ஒரு குறிப்பேடு இல்லை. எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுகின்றனர். அவர் தரப்பை எழுத ஒருவருமில்லை. அயலானை அச்சத்தின் உருவமாக்கும் இக்கலையை, அப்படிச் சித்திரிக்கப்படும் அனுபவமுள்ள ஒரு சமூகம் விழிப்புடன் வாசிக்க வேண்டும். விலக்க வேண்டியதில்லை, முதலில் எடுக்க வேண்டியதுமில்லை.

மீரானின் நாவல் (1988) பேய்க்கதையன்று; பேய்க்கதை யாருக்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்லும் கதை. வெளியூரிலிருந்து வந்து சேரும் தங்ஙள், ஊராரின் ஜின் பயத்தைக் கொண்டே பிழைப்பு நடத்துகிறார். அதே ஊரில் பள்ளிக்கூடம் எதிர்ப்புக்கு உள்ளாகிறது. அச்சமும் அறியாமையும் ஒன்றையொன்று காக்கும் விதத்தைத் தமிழில் இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படைப்புகள் குறைவு. எனினும் நண்பர்கள் கேட்டது பேய்க்கதை.

எஞ்சுவது ‘நீல வெளிச்சம்’. வாடகை வீடு தேடும் எழுத்தாளன், மலிவாகக் கிடைத்த வீட்டில் குடியேறுகிறான். காதலில் ஏமாற்றப்பட்ட பார்கவி என்னும் பெண் அங்குள்ள கிணற்றில் விழுந்து இறந்தாள் என்பதைப் பிறகே அறிகிறான். அவன் தாயத்தைத் தேடி ஓடவில்லை. காணாத அப்பெண்ணுடன் பேசத் தொடங்குகிறான். அவள் வீட்டில் தான் குடியிருப்பவன் என்ற பணிவு அவன் பேச்சில் இருக்கிறது. ஓர் இரவு விளக்கில் எண்ணெய் தீர, மண்ணெண்ணெய் வாங்கச் சென்று திரும்பும்போது அறை நீல ஒளியில் நிறைந்திருக்கிறது. கதை அவ்வளவே. ‘காஞ்சனை’யைப் போல இதுவும் விடை சொல்வதில்லை, ஆயினும் அங்கே ஐயத்துக்குரியவளாக நின்ற பெண், இங்கே துணையாகிறாள்.

பஷீர் இக்கதையை 1964இல் ‘பார்கவி நிலையம்’ திரைப்படத்துக்காகத் தாமே விரித்தெழுதியபோது, ஊரார் தற்கொலை என்று சொன்னது கொலையாக வெளிப்படுகிறது. பேய் வீடு என்ற பெயர் ஒரு குற்றவாளிக்கு எத்தனை வசதியான திரை! கணக்கு முழுமையாக எழுதப்பட்ட இடம் இது. மனநோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்று மீண்டவர் பஷீர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கலங்கிய மனத்தை உள்ளிருந்து அறிந்தவருக்கு, ஊர் அஞ்சி ஒதுக்கியவளிடம் நலம் விசாரிக்கத் தோன்றியது.

ஆதலால் சீட்டுக்குத் தேவை எழவில்லை. அடுத்த மாதம் ‘நீல வெளிச்சம்’, அதன்பின் மீரான் என்று முடிவாயிற்று. கூட்டம் கலைந்தபோது, ஏரிக்கரைப் புளியமரத்தைத் தனியே கடக்க ஒரு நண்பர் தயங்கினார். இருவர் உடன் சென்றோம். அச்சம் இலக்கியத்தால் ஒழிந்துவிடுவதில்லை. அஞ்சுபவரைச் சங்கிலியில் கட்டாமல் அவருடன் சிறிது தூரம் நடக்க நம்மைப் பழக்கும் கதையே அடுத்து வாசிக்கத்தக்கது.