அச்சு அசல்

மெல்லிசைக் குழுக்களைப் பற்றி நான் முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன். 1979-ல், நான்கு பக்கம், நூறு பேர் படித்திருந்தால் அதிகம் என்கிற ஒரு பத்திரிகையில். மூன்றாவது இதழோடு அது நின்றுபோயிற்று. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: மெல்லிசைக் குழு என்பது நகலின் நகல், சினிமாப் பாட்டே பாதி இரவல், அதை மேடையில் திருப்பி வாசிப்பவன் இரவலுக்கு இரவல் கேட்பவன், அங்கே சிருஷ்டி இல்லை, ஆகவே விமர்சனத்துக்கு விஷயமும் இல்லை. விஷயம் இல்லை என்று சொல்ல நான்கு பக்கம் எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது எழுதுவது அந்தக் கட்டுரைக்குத் திருத்தம்.

எழுபதுகளில் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை, ஆடி மாதம் பிறந்துவிட்டால், வாரத்துக்கு ஒரு அம்மன் கோயிலிலாவது மேடை போட்டுவிடுவார்கள். கூழ் ஊற்றுவது காலையில், கச்சேரி இரவு ஒன்பதுக்கு மேல். பட்டணத்தில் பெயர் பெற்ற குழுக்கள் இருந்தன: ஏ.வி. ரமணனின் மியூசியானோ, காமேஷ்–ராஜாமணி. எஸ்.பி. பாலசுப்ரமணியம் தாமே ஒரு குழு வைத்திருந்தார். பாவலர் சகோதரர்களான இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் அதில் வாசித்தவர்கள். அவர்களை அழைக்க எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கு வசதி ஏது? வந்தவை உள்ளூர்க் குழுக்கள். டிரம்ஸின் முகத்தில் குழுவின் பெயரைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். ஒரு அக்கார்டியன் அல்லது காம்போ ஆர்கன், ஒரு கிதார், தபேலா, பாங்கோஸ், ஒரே ஒரு வயலின், புல்லாங்குழலுக்கு யாராவது. இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி. பாடகி வராத நாளில் பெண் குரலில் பாடத் தெரிந்த ஒருவர். நடுவில் பலகுரல். துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினால் நேயர் விருப்பம்.

இவர்களை அளக்க ஊரில் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. 'அச்சு அசல் ரிக்கார்டு மாதிரியே இருந்தது.' இதற்கு மேல் பாராட்டு இல்லை. 'ரிக்கார்டு மாதிரி இல்லை' என்பதற்கு மேல் வசையும் இல்லை. என் கட்டுரையும், யோசித்துப் பார்த்தால், இதே அளவுகோலைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தது. ஊர் சொன்னது: ரிக்கார்டு மாதிரி இருப்பதால் நன்றாயிருக்கிறது. நான் சொன்னது: ரிக்கார்டு மாதிரி இருப்பதால் ஒன்றுமில்லை. இருவரும் ரிக்கார்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். மேடையில் இருந்ததை இருவருமே கேட்கவில்லை.

*

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு, 1928-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். தண்டவாளத்துக்கு ஒரு தெரு தள்ளி அப்போது ஒரு சின்னக் கோயில். மேடை தண்டவாளத்தைப் பார்த்திருக்கும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்து ஓடிய மீட்டர்கேஜ் மின்சார ரயில், பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று. அதற்கு நடுவில் எழும்பூரிலிருந்து தெற்கே போகிற இரவு வண்டிகள். வண்டி வந்தால் பாட்டு கேட்காது. ஒலிபெருக்கியின் வால்யூமைத் திருப்பிப் பார்த்தும் பிரயோஜனம் இருந்ததில்லை.

எனக்குப் பிடித்த குழு அங்கே வருஷாவருஷம் வரும். அதில் அக்கார்டியன் வாசித்தவர் சேலையூரில் எங்கள் தெருக்காரர். பகலில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் வீட்டில் ரிக்கார்டு பிளேயர் கிடையாது, டிரான்சிஸ்டர்தான். இலங்கை வானொலியில் புதுப்பாட்டு வருகிற நேரத்துக்கு நாற்பது பக்க நோட்டோடு உட்காருவார். ஒருமுறை ஒலிபரப்பினால் இடையிசையில் முதல் பகுதி பிடிபடும். அடுத்த முறைக்கு இரண்டு நாளோ நான்கு நாளோ காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் அந்த வாரம் போயிற்று. ச ரி க ம என்று தமிழில் எழுதி, பிடிபடாத இடத்தில் கோடு போட்டு வைத்திருப்பார். சில பாட்டுகளுக்குக் கடைசி வரை கோடு கோடாகவே இருக்கும். அந்தக் கோடுகளில் என்ன வாசித்தார் என்பதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவரிடம் இருந்தது. எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, 'இது மங்களமூர்த்தி வாசிச்சது தம்பி' என்பார். 'டிரம்ஸ் நோயல் கிராண்ட். கிதார் பிலிப்ஸ்.' பின்னாளில் புருஷோத்தமன், சசிதரன். இசைத்தட்டு உறையில் படத்தின் பெயரும் இசையமைப்பாளர், பாடகர்கள் பெயரும் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் இராது. சினிமாப் பாட்டில் ஊறிக்கிடந்த லட்சக்கணக்கான ரஸிகர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அதைப் பழித்த எனக்கும் தெரியாது. நகல் எடுத்தவருக்குத்தான் அசலை வாசித்த கைகள் யாருடையவை என்று தெரிந்திருந்தது.

என் கட்டுரை எப்படியோ அவர் கைக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் பதில்கள் தயாராக வைத்திருந்தேன். காபி குடித்தார். 'எல்லாம் சரிதான் தம்பி. ரயிலைப் பத்தி எழுதலியே' என்றார். அவ்வளவுதான். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஆடியில்தான் எனக்குப் புரிந்தது. பல்லவி முடிந்து பாடகர் மைக்கைவிட்டு நகர்கிறார், இடையிசை. தூரத்தில் வண்டியின் ஊதல் கேட்கிறது. ரிக்கார்டில் இடையிசை முடிந்து சரணம் தொடங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, இவர் முடிக்கவில்லை. தபேலாக்காரரை ஒரு பார்வை பார்க்கிறார். கடைசி இரண்டு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறார், இறங்குகிறார். ராகத்துக்குள் இதுவரை அந்தப் பாட்டு போகாத ஒரு மூலைக்குப் போய்விட்டு வருகிறார். வண்டி கடந்துகொண்டிருக்கிறது, பாதிதான் காதில் விழுகிறது. பாடகர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடைசிப் பெட்டி போகிறது. இவர் தலையை லேசாக அசைக்கிறார், சரணம் வந்து விழுகிறது. ரிக்கார்டில் இருபது வினாடி இடையிசை. சானடோரியத்தில் அது ஒரு ரயிலின் நீளம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றால் கூடுதல்.

இதை அவர்கள் வருஷக்கணக்காகச் செய்துவந்திருக்கிறார்கள். நான் வருஷக்கணக்காகக் கேட்டுவந்திருக்கிறேன். 'ரயில் சத்தத்தில் இடையிசையை இழுத்தடித்தார்கள்' என்று ஒரு வரி, குறையாக, என் பழைய குறிப்புகளில் இருக்கிறது.

*

நகல், அசல் என்கிற பிரிவினையையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டு எப்படிப் பதிவாயிற்று? சென்னை ஸ்டூடியோக்களில் ஒரு பெரிய ஹாலில் முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்து, பாடகர்களும் கூட நின்று, ஒத்திகை பார்த்து, மொத்தமாக வாசித்தார்கள். கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் மறுபடியும் முதலிலிருந்து. அதாவது அசல் என்று நாம் கொண்டாடிய ரிக்கார்டே ஒரு கச்சேரியின் பதிவுதான். ஒருவர் இன்னொருவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நாலு நிமிஷம். உள்ளூர்க் குழு அதை மறுபடி வாசித்தபோது, நாற்பது பேர் செய்ததை எட்டுப் பேர் செய்யவேண்டியிருந்தது. இருபது வயலின் வாசித்ததை அக்கார்டியனின் துருத்தி ஏற்றுக்கொள்ள வேண்டும். எதை விடுவது, எதைக் காப்பாற்றுவது என்கிற தீர்மானம் ஒவ்வொரு வரியிலும் உண்டு. இது கவிதையை மொழிபெயர்ப்பவனின் பிரச்னை. அவனை நாம் நகல்காரன் என்று சொல்வதில்லை.

எண்பதுகளின் மத்தியில் சீக்வென்ஸரும் ரிதம் பாடும் வந்தன. 1992-ல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு பாட்டு அடுக்கடுக்காகக் கட்டப்படும் ஒன்றாயிற்று. தாளம் ஒரு நாள், குரல் ஒரு நாள், குழல் வேறொரு ஊரில். இது தாழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. அது வேறு வகைக் கலை. ஆனால் அந்தப் பாட்டை எல்லோரும் சேர்ந்து வாசித்த ஒரு கணம் எங்குமே இருந்ததில்லை. மேடைக் குழு எதைத் திருப்பி நிகழ்த்தும்? குழுக்களைக் காஸெட் கொன்றது, டெலிவிஷன் கொன்றது என்பார்கள். அவற்றோடு இதையும் சேர்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

*

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அந்தக் கட்டுரை மாதிரி ஆகிவிடும்.

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறது கிறிஸ்துவக் கல்லூரி. 1937-ல் பட்டணத்திலிருந்து காட்டுக்கு நடுவே வந்தது. எழுபதுகளில் அங்கே மாணவர்கள் கிதாரோடு மேடையேறி இங்கிலீஷ் பாட்டுப் பாடுவார்கள். பீட்டில்ஸ், டீப் பர்ப்பிள். ஐ.ஐ.டி.யில் 1974-ல் மார்டி கிரா விழா தொடங்கியது. பிற்பாடு அதற்கு சாரங் என்று பெயர் மாறியது. அங்கேயும் இதே. ஸ்வரத்துக்கு ஸ்வரம் ரிக்கார்டு மாதிரியே. ஆனால் அதை நாங்கள் நகல் என்று சொல்லவில்லை. அது 'பேண்ட்'. கோயில் வாசலில் செய்தால் 'ஆர்கெஸ்ட்ரா'. நான் இரண்டுக்கும் போனேன். ஒன்றை இலக்கிய நண்பர்களிடம் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. நாங்கள் அப்போது கவிதையில் என்ன செய்துகொண்டிருந்தோம்? மேல்நாட்டுக் கவிஞர்களை இங்கிலீஷ் வழியாகப் படித்து, கோடு போட்ட இடங்களைத் தெரிந்த தமிழால் நிரப்பிக்கொண்டிருந்தோம். அவர் நோட்டுக்கும் எங்கள் நோட்டுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. அவர் அதை நகல் என்று ஒப்புக்கொண்டார். நாங்கள் நவீனம் என்று அழைத்தோம்.

பின்னே சொந்தப் பாட்டு ஏன் வரவில்லை என்ற கேள்வி நியாயமானது. பீட்டில்ஸ் 1960-லிருந்து 62 வரை ஹாம்பர்க் விடுதிகளில் ராத்திரி ராத்திரியாகப் பிறர் பாட்டைப் பாடியவர்கள்தாம். நம் குழுக்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. காரணம் திறமைக் குறைவு அல்ல. சொந்தமாக ஒன்று தோன்றியவனைச் சினிமா கூப்பிட்டுக்கொண்டது. கட்சி மேடைகளில் பாடித் திரிந்த பாவலர் சகோதரர்களின் கதை 1976-ல் 'அன்னக்கிளி'யில் போய்ச் சேர்ந்தது. நமக்கு லாபம்தான், மேடைக்கு நஷ்டம். சினிமா அல்லாத பாட்டு என்று எங்கள் கோயில் மேடைகளில் நான் கேட்டது இலங்கைப் பொப் ஒன்றுதான், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. அதுவும் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரி. தாம்பரத்திலிருந்து ரயிலேறி சேத்துப்பட்டில் இறங்கிப் போனேன். ஒரே மாதிரி கோட்டு சூட்டு போட்ட இளைஞர்கள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி. எல்லாப் பாட்டும் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் கருத்து முன்னால் ஓட இசை பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆனால் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தேன். ரிக்கார்டோடு ஒப்பிட யாரிடமும் ஒன்றும் இல்லை. அடுத்த வரி என்னவென்று தெரியாமல் நின்று கேட்டார்கள். நாற்பது வருஷம் மேடைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது புதிசாக இருந்தது. அச்சு அசல் என்கிற சொல்லுக்கு அன்று வேலை இல்லை. அவருக்கு அதைக் காட்டியிருக்கலாம் என்று தோன்றியது. 'எல்லாம் சரி, அக்கார்டியன் இல்லையே' என்றிருப்பார்.

*

அவர் தொண்ணூறுகளில் அக்கார்டியனை விற்றுவிட்டார். துருத்தி கிழிந்து, சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. சில வருஷங்களில் காலமானார். நோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. மீட்டர்கேஜ் மின்சார ரயிலும் 2004-ல் நின்றது. இப்போது எல்லாம் அகலப் பாதை.

சென்ற மாதம் தண்டவாளத்துக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் இரண்டு பாடகர்கள், ஒரு லாப்டாப். வாத்தியம் முழுவதும் டிராக்கில் வருகிறது, குரல் மட்டும் இவர்களுடையது. எழுபதுகளின் பாட்டு ஒன்று. இருபது வயலினும் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. இடையிசை நடக்கும்போது ரயில் வந்தது. டிராக் தன் நேரத்துக்கு முடிந்தது; சரணம் தொடங்கிவிட்டது. அந்தப் பையன் வாயசைத்துப் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இரண்டு வரி யாருக்கும் கேட்கவில்லை.

நன்றாகத்தான் பாடினான். ரிக்கார்டு மாதிரியே இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.