கொப்பியில் விடுபட்ட இடங்கள்

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சமையலறையில் கத்தியோடு நிற்கிறான். உள்ளே வந்த அம்மா திகைத்துப்போகிறாள். அவளைவிட அவன்தான் கூடுதலாகத் திகைத்து நிற்கிறான். கத்தியை எப்போது எடுத்தான், எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அதற்கு முந்திய சில நிமிடங்கள் அவன் நினைவிலிருந்து கழன்று போய்விட்டன. 2004 ஜனவரியில் வெளியான 'பட்டர்ஃபிளை எஃபெக்ட்' படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. எரிக் பிரெஸ், ஜே. மக்கி கிரூபர் என்ற இருவர் சேர்ந்து எழுதி இயக்கிய படம். காலப் பயணக் கதை என்று கேள்விப்பட்டு உட்காருபவர் ஒரு இயந்திரத்தையோ பின்னோக்கி ஓடும் கடிகாரத்தையோ எதிர்பார்ப்பார். படம் அவசரப்படுவதில்லை. எவான் என்ற ஒரு பிள்ளையின் ஞாபகத்தில் விழும் ஓட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போகிறது.

அந்த ஓட்டைகளை வெட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எவான், அவன் மனதுக்குப் பிடித்த கெய்லி, அவளுடைய சகோதரன் டொமி, தடித்த உடம்பும் பயந்த சுபாவமும் கொண்ட லெனி ஆகிய நால்வரும் ஒரு வீட்டுத் தபால் பெட்டிக்குள் டைனமைட் குச்சி ஒன்றை வைத்துவிட்டு மரங்களுக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். காத்திருப்பு நீளுகிறது. வெடிச் சத்தம் நமக்குக் கேட்பதே இல்லை. அடுத்த கணம் பிள்ளைகள் காட்டுக்குள் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். லெனியின் முகம் மரத்துப்போயிருக்கிறது. மயக்கம் வருகிறது என்று சொல்லத் திரையை இருட்டாக்கவில்லை, சுழற்றவில்லை, இசையால் எச்சரிக்கவில்லை. தட்டு துள்ளிவிட்டதோ என்று டிவிடியில் பார்த்தவர் எழுந்து பார்க்குமளவுக்கு நேர் வெட்டு. எவானுக்கு எது தெரியாதோ அது நமக்கும் தெரியாது. அவனுடைய குறையை நாம் வெளியே நின்று பார்க்கவில்லை, அதற்குள்ளேயே இருத்தப்படுகிறோம்.

வைத்தியர் அவனை நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார். பள்ளிக் கொப்பிகளில் பிள்ளைக் கையெழுத்தில் எழுதி நிரப்புகிறான். பல்கலைக்கழக விடுதியில் இருபது வயது எவானாக ஆஷ்டன் குட்சர் அந்தக் கொப்பிகளில் ஒன்றை வாசிக்கத் தொடங்கும்போது எழுத்துகள் நடுங்குகின்றன, அறை அதிருகிறது, அவன் அந்த விடுபட்ட நிமிடங்களுக்குள் போய் விழுகிறான். அங்கே அவன் எதை மாற்றினாலும், திரும்பி வரும்போது எல்லாருக்கும் வேறொரு வாழ்க்கை. இங்கேதான் படம் தன் கைவேலையைத் திறந்து காட்டுகிறது. சிறுவயதில் அவன் நினைவு போன இடங்கள் நோயின் அடையாளம் என்று நம்பியிருந்தோம். வளர்ந்தவன் திரும்பி வந்து அந்த உடம்பைப் பிடித்துக்கொண்ட நேரங்களே அவை. கத்தியோடு நின்ற பிள்ளையைக் கண்டு அம்மா ஏன் அப்படித் திகைத்தாள் என்பதற்கு இப்போது புதிய பொருள் வந்துவிடுகிறது. அந்தக் கணத்துக்குச் சற்று முன்புவரை அவளுடைய சமையலறையில் நின்றவன் அவளுடைய ஏழு வயது மகன் இல்லை.

ஏழு வயது எவானாக வரும் லோகன் லேர்மன் என்ற சிறுவனை இதற்காகவே தனியாகப் பாராட்ட வேண்டும். பிற்காலத்தில் 'பேர்சி ஜாக்சன்' படங்களில் நடித்தவர்தான். கெய்லியின் அப்பா நிலவறையில் கமராவைத் தயார்ப்படுத்திக்கொண்டு பிள்ளைகளைக் கெடுக்க நிற்கும் இடத்தில், சிறுவன் எவானின் வாயிலிருந்து வளர்ந்த ஒருவனின் எச்சரிக்கை வெளிவருகிறது. குரல் பிள்ளைக் குரல்தான். ஆனால் கண் இமைக்காமல், உடம்பை அசைக்காமல், எதிரே நிற்கும் பெரிய மனிதனை எடைபோட்டுக்கொண்டு பேசும் அந்தத் தோரணை பிள்ளைக்கு உரியது இல்லை. அந்த அப்பாவாக வரும் எரிக் ஸ்டோல்ட்ஸ் தன் பங்குக்கு முகம் வெளிறி, குரல் அடங்கிப் போகிறார். எந்தத் தந்திரக் காட்சியும் இல்லாமல், இரண்டு நடிகர்களின் முகங்களை மட்டும் வைத்துக் காலத்தை முறித்துக் காட்டிய இடம் இது.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. டொமி, எவானின் நாயைச் சாக்கில் கட்டி எரிக்கப் பார்க்கும் நாளுக்கு எவான் திரும்புகிறான். சாக்கின் கயிற்றை அறுக்கட்டும் என்று ஒரு கூரான இரும்புத் துண்டை லெனியின் கையில் கொடுக்கிறான். காப்பாற்றக் கொடுத்த பொருள். லெனி அதனால் டொமியைக் குத்திவிடுகிறான். பிறகு அதே லெனியை மனநல மருத்துவமனைக் கட்டிலில் கட்டுண்டவனாகப் பார்க்கிறோம். முன்னொரு வாழ்க்கையில் அறைக்குள் அடைந்து கிடந்து, சின்ன மாதிரி விமானங்களைப் பொறுமையாக ஒட்டிக்கொண்டிருந்த அதே கைகள். படம் இதைச் சுட்டிக்காட்டி வசனம் பேசுவதில்லை. கைகளைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வளர்ந்த கெய்லியாக வரும் ஏமி ஸ்மார்ட்டுக்கும் அப்படி நாலு வாழ்க்கை. சிற்றுண்டிச்சாலைப் பரிசாரகி, பல்கலைக்கழகத்தின் உல்லாசப் பெண், முகத்தில் தழும்போடு தெருவில் நிற்பவள், லெனியின் காதலி. ஒப்பனையும் உடுப்பும் மாறுவது எளிது. அவர் நடை மாறுகிறது; எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்கும் நேரத்தின் அளவும் மாறுகிறது. பரிசாரகியாக இருக்கும் கெய்லி எவானை ஒரு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. தழும்போடு இருப்பவளோ அவனை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. இழக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். மாறிய வாழ்க்கை ஒன்றில் சிறைக்குள் இருக்கும் எவான், கடவுள் பக்தி மிகுந்த சிறைக் கூட்டாளியை நம்பவைக்கப் பள்ளி வகுப்பறைக்குத் திரும்பிப் போய், ஆசிரியையின் மேசையில் இருக்கும் கூர்க்கம்பிகளில் தன் உள்ளங்கைகளைக் குத்திக்கொள்கிறான். சிறையில் தழும்பு திடீரென்று தோன்றுகிறது. ஏழு வயதில் பட்ட காயமென்றால் அந்தத் தழும்பு எப்போதுமே இருந்திருக்க வேண்டும். கூட்டாளி வியக்க ஒன்றுமில்லை. தன் விதியைத் தானே மீறிய ஒரே பெரிய இடம் அது. நம் படங்களில் 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை' இந்த விடயத்தில் கூடுதல் ஒழுங்கோடு இருந்தது. என்கவுன்டரில் சாக வேண்டிய ரவுடி, நாயகர்களின் இயந்திரம் குறுக்கிட்டதால் பிழைத்துக்கொள்ள, அந்த ஒரு பிசகிலிருந்தே இரண்டாம் பாதி முழுதும் வளருகிறது. இயக்குநர் ரவிகுமார் அந்தக் கணக்கைக் கடைசிவரை கைவிடவில்லை.

2006 ஒக்டோபரில் 'பட்டர்ஃபிளை எஃபெக்ட் 2' தியேட்டர் பக்கம் போகாமல் நேரே டிவிடியாக வந்தது. ஜோன் லியனெட்டி இயக்கினார். 2014இல் 'அனபெல்' எடுத்தவர். எழுதியவர்களும் இயக்கியவர்களும் மாறிவிட்டார்கள், கதாபாத்திரங்களும் புதியவை. நிக் என்ற இளைஞன் விபத்தில் காதலி ஜூலியையும் இரண்டு நண்பர்களையும் இழக்கிறான். ஒரு வருடம் கழித்துப் புகைப்படத்தை உற்றுப் பார்க்கும்போது அந்த நாளுக்குத் திரும்பிப் போகிறான்.

கொப்பிக்குப் பதில் புகைப்படம். இந்த மாற்றத்தைப் பற்றி வாசித்தபோது நான் உண்மையிலேயே எதிர்பார்ப்போடு இருந்தேன். புகைப்படம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து களனி ஆற்றைத் தாண்டி வத்தளைக்குக் குடிவந்த வீடுகளில், 83 ஜுலைக் கலவரத்தில் வீட்டோடு அல்பமும் எரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் தப்பிக் கிடந்த ஒரு பிரதி பிறகு வந்து சேரும்போது, அதில் யார் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், படம் பிடித்தவர் யார், ஓரத்தில் பாதி தெரியும் கை யாருடையது என்று மணிக்கணக்காகக் கதைப்பார்கள். புகைப்படத்துக்கு விளிம்பு உண்டு. அதற்கு வெளியே நடந்தது தெரியாது. முதற் படத்தின் ஓட்டைக்கு ஈடான ஒன்று புகைப்படத்திலேயே இயல்பாக இருந்தது. இரண்டாம் படம் அதைத் தொடவே இல்லை. நிக்கின் கையில் புகைப்படம் வெறும் சாவிதான்; திறந்ததும் வேலை முடிந்தது.

மற்றக் குறைகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. நிக்குக்குப் பிள்ளைப் பருவமே திரையில் இல்லை. அவன் திரும்பிப் போகும் காலம் நமக்கு முன்பே முழுதாகக் காட்டப்பட்டுவிட்டது. விடுபட்டது ஒன்றுமில்லை, ஆகவே கண்டுபிடிக்கவும் ஒன்றுமில்லை. அலுவலகப் பதவி, போட்டிக்காரச் சக ஊழியர், கம்பனியின் கடன், கடன் கொடுத்த தாதா என்று கதை எங்கோ போகிறது. மாற்றங்களுக்குப் பிறகு உடுப்பும் மேசையும்தான் மாறுகின்றன. ஜூலி அதே ஜூலி.

இரண்டு படங்களும் ஒரே மாதிரித் தியாகத்தில்தான் முடிகின்றன, அதனால் வேறுபாடு இன்னும் வெட்டவெளிச்சம். நிக், விபத்து நடந்த ஏரிக்கரை நாளுக்குத் திரும்பி ஜூலியோடு உறவை முறிக்கிறான். கோபத்தோடு காரில் போகும் அவளைக் காப்பாற்றத் தன் காரைப் பள்ளத்துக்குள் விட்டுச் சாகிறான். பெரிய ஓசை, பெரிய விபத்து. எவானோ ஒரு பழைய வீட்டுப் படச்சுருளைச் சுவரில் ஓடவிட்டு, கெய்லியை முதன்முதலில் சந்தித்த நாளுக்குப் போய், அந்தச் சிறுமியின் காதில் வெறுப்பான சில சொற்களைச் சொல்கிறான். அவள் அழுதுகொண்டு ஓடுகிறாள். அவ்வளவுதான் அவன் செய்வது. நிகழ்காலத்துக்குத் திரும்பி எட்டு வருடம் கழித்து நியூ யோர்க் நடைபாதையில் இருவரும் எதிரெதிரே வருகிறார்கள். ஒருவரையொருவர் கடந்த பிறகு அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவள் நடந்ததும் அவன் திரும்பிப் பார்க்கிறான். இரண்டு பார்வைகளும் சந்திப்பதில்லை. இயக்குநர்கள் அந்த இரண்டு திரும்பல்களுக்கும் இடையில் விட்டிருக்கும் சில நொடிகள்தான் இந்தப் படத்தின் கடைசி ஓட்டை, அதை நிரப்ப எந்தக் கொப்பியும் இல்லை.

இயக்குநர் பதிப்பில் முடிவு வேறு. அங்கே எவான் தாயின் கருப்பைக்கே திரும்பித் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறான். கைரேகை பார்க்கும் பெண் ஒருத்தி முன்பே அதற்குக் குறிப்புக் கொடுத்திருக்கிறாள், ஆகவே கட்டுக்கோப்பில் அது இன்னும் இறுக்கமானது என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. செத்தவனுக்கு ஞாபகம் இல்லை. தெருவில் நடந்து போகிறவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அவளிடம் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. முதற் பாதியில் எல்லாரும் அறிந்ததைத் தான் மட்டும் அறியாமல் இருந்தவன், முடிவில் யாரும் அறியாததைத் தான் மட்டும் அறிந்திருக்கிறான். அந்தத் திருப்பம் தியேட்டர் பதிப்பில்தான் இருக்கிறது. முதன்முறை பார்ப்பவர்கள் அதையே தேடி எடுக்க வேண்டும். பிள்ளைகள் படுத்த பிறகு பார்ப்பது நல்லது.